தோள்மலை

ஏழாம் நாளும் எனக்குக் கிடைத்த காட்சி
புங்வாவின் குதிகால்.
இடது காலணியில் பின்தையல் விட்டுப்போய்
ஒவ்வோர் அடிக்கும் வாய் திறந்து மூடும்.
மீன்போல என்று சொல்லலாம்;
நான் மீனை அவ்வளவு பார்த்ததில்லை.

நெற்றியில் நாம்லோப் பட்டை, முதுகில் டோகோக் கூடை,
கூடையில் முப்பத்திரண்டு கிலோ:
அரிசி, மண்ணெண்ணெய், இரண்டு கூடாரம்,
ஒருவருடைய காமிராவுக்கென்று தனியாக ஒரு முக்காலி.
பட்டை தலையைக் கீழே இழுக்கும்.
நிமிர்ந்தால் கூடை பின்னால் சரியும்.
ஆகவே சுமைக்காரனுக்கு வானம் என்பது
வழியில் தேங்கிய நீரில் கிடப்பது.
கல்லில் உறைபனி பூத்திருக்கிறதா,
யாக்கின் சாணம் இன்றையதா, நேற்றையதா,
பலகைப் பாலத்தில் எந்த ஆணி எழும்பியிருக்கிறது,
கேளுங்கள், சொல்கிறேன்.
மலை எப்படி இருந்தது என்றால்
செங்குத்தாக இருந்தது.

முன்னால் போகிறவர்கள் நின்று நின்று போவார்கள்.
"ஆகா" என்று குரல் கேட்டால்
கைக்கட்டையைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து
நாங்கள் மூச்சு வாங்கிக்கொள்வோம்.
அவர்கள் வியந்தால் எங்களுக்கு ஓய்வு.
அந்த வகையில் எனக்குப் பிடித்தவர் மிருகாங்க பாபு.
வங்காளத்தில் ஏதோ மின்சார ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்.
நாற்பது அடிக்கு ஒருமுறை வியப்பார்.

கம்பாச்சனில் இரவு
சோறு வேண்டாம் என்றார்.
பிறகு தன் பெயரைத் தப்பாகச் சொன்னார்.
பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க
கயிறில்லாத இடத்தில் வெகுநேரம் தேடினார்.
சமையல்காரன் தில்விக்ரம் விளக்கைப் பிடித்து
உதட்டைப் பார்த்தான்: நாவற்பழம் தின்ற நிறம்.
"விடியட்டும் என்று இருக்காதே. இறக்கு."

டோகோவின் ஒரு பக்கத்தை வெட்டி
கால் தொங்க வழி செய்தோம்.
அரிசியை இறக்கி ஆளை ஏற்றினேன்.
கம்பளியோடும் பயத்தோடும் எழுபது கிலோ.
அவர் முதுகு என் முதுகோடு ஒட்டியது.
நான் போகிற பக்கம் அவருக்குத் தெரியாது,
அவர் பார்க்கிற பக்கம் எனக்கு.

புங்வா டார்ச்சோடு முன்னால் போனான்.
வெளிச்சத்தில் மறுபடியும் அதே குதிகால்.
மண் சரிந்த இடத்தில் மூவரும் பேசவில்லை.
மேலேயிருந்து ஒரு கூழாங்கல் புறப்பட்டு
எங்களைத் தாண்டி
ஆற்றில் விழும்வரை
அதன் சத்தத்தை எண்ணிக்கொண்டு நின்றோம்.

தாண்டிய பிறகு
முதுகிலிருந்து குரல் வந்தது, பாதி இந்தி, பாதி வங்காளம்:
"கறுப்பாக இருக்கிறது."
எது என்றேன்.
"பெரிசு. மூலையில் யாரோ சிவப்பு மசி சிந்திவிட்டார்கள்."
இப்போது?
"ஊறுகிறது. கீழே இறங்குகிறது."
இப்போது?
"அதற்குத் தோள் இருக்கிறது, தாஜு. இரண்டு தோள்.
தலை சின்னது. எதையோ தூக்க உட்கார்ந்திருக்கிறது."

தூங்கிவிடக்கூடாதே என்றுதான் கேட்டேன்,
முதல் இரண்டு தடவை.

வரைபடத்தில் அதற்கு ஜன்னு என்று பெயர்.
எங்கள் லிம்பு வாயில் போக்தாங்லுங், தோள்மலை.
இதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.
பதினொரு பருவம் அதன் அடியில் போய்வந்திருக்கிறேன்.
கும்பிட்டிருக்கிறேன், அதுவும் குனிந்தபடி.

குன்சாவில் இறக்கிவைத்தோம்.
அடுப்போரம் இரண்டு மணி நேரத்தில்
உதட்டில் ரத்தம் வந்தது, உப்புத் தேநீரைக் குறை சொன்னார்.
மலை சிவந்ததைச் சொன்னீர்களே என்றேன்.
"மலையா? பயத்தில் நான் கண்ணே திறக்கவில்லையே.
நீதான் இப்போது, இப்போது என்று
ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாய்."

மதியமே திரும்பி ஏறினோம். அரிசி மேலே இருந்தது.
வெட்டிய கூடைக்கு யார் காசு தருவது என்று
புங்வா வழியெல்லாம் பேசினான்.
காலிக் கூடை, நெற்றியில் பட்டை இல்லை.
ஆனாலும் மண்சரிவுவரை
அவன் குதிகாலைப் பார்த்தே நடந்திருக்கிறேன்.
அங்கே நின்று
கழுத்தைத் தூக்கினேன். வலித்தது.

அதற்கும் கழுத்துவரை மேகம்.
தோள் மட்டும் தெரிந்தது.

"என்ன நின்றுவிட்டாய்?" என்றான் புங்வா.
தருவார்கள், முந்நூறாவது தருவார்கள் என்றேன்.