கொடிக்கம்பம்

ஏழாம் மாடியில் என் மேசை.
கீழே பொட்டோமாக் நதி, பாதி உறைந்து.
ட்ரியெஸ்ட் கண்காட்சித் திடலிலிருந்து
மெரில் ஸ்ட்ரவுட் கேட்கிறான்:
கொடிக்கம்பத்துக்காவது அரசுப் பணம் உண்டா?

சட்டத்தில் ஒரே வாக்கியம்.
காங்கிரஸ் பெயர் சொல்லி ஒதுக்காத டாலர்
அயல்நாட்டில் நம் கூடத்துக்குச் செலவாகக் கூடாது.
அந்தக் "கூடாது"வில் சந்து தேடியே
பதினொரு நாள் போயிற்று.

ஆணி? கூடாது.
ஆணி அடிப்பவருக்குக் காபி?
எழுதி அனுப்பு, பார்க்கிறேன்.

டயர் கம்பெனியிடம் போனான்.
நாய் பிஸ்கட் விற்பவர்களிடமும் போனான்.
சுவர் வந்தது, நீரூற்று வந்தது, கூரைக்கு ஒரு வங்கி.
கழிப்பறைக்குப் பெயர் தரத்தான் ஆளில்லை.

பக்கத்து மனையில் ஸ்லோவேனியர்கள்
கட்டி முடித்து, சூப்பே கொதிக்க வைத்துவிட்டார்களாம்.
"வரிப்பணத்தில் சூப்!"
அவன் பெருமூச்சு கடல் தாண்டிக் கேட்டது.

சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை.
என் அக்கா டெலோரிஸ் ஒஹாயோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
அவள் சம்பளத்தில் பிடித்த காசு
எங்கோ நீரூற்றாய்ப் பீறிட வேண்டாமென்று
யாரோ நினைத்திருக்கிறார்கள். நியாயம்தான்.

டயர்க்காரன் நீரூற்றில்
என் நாட்டின் பெயர் நனைகிறதே,
அதற்கு எந்தப் பிரிவு?

கடைசியில் எழுதினேன்:
கொடி தூதரகத்துடையது, இரவல் தரலாம்.
கம்பத்துக்கு வழியில்லை.

இன்று ஒரு படம் வந்தது.
ஸ்லோவேனியர்களின் சாரக்கழியில்
கொஞ்சம் சாய்ந்தபடி எங்கள் கொடி.
அடியில் மெரில், கையில் சூப்புக் கிண்ணம்.
கூடவே ஒரு வரி:
அன்பளிப்புப் படிவம்
கழிக்கு மட்டுமா, சூப்புக்குமா?