ஞாயிறு வரவேண்டிய ஐந்நூறு சொல்

வியாழன் இரவு பத்துக்குள் அனுப்பவேணும்.
ஐந்நூறு சொல். நட்சத்திரம் தனியாக.
நஸ்லியா பேப்பர் கந்தோரிலிருந்து இரண்டுதரம் எடுத்துவிட்டாள்:
“படம் நல்லமா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க.
சனம் டிக்கட் எடுக்கிறதா வேணாமா எண்டுதான் கேக்குது.”

நல்லமா?

வெள்ளவத்தையில் ஆறரைக் காட்சி.
ஏசி ஒரு பக்கம்தான் வேலை. நான் மற்றப் பக்கம்.
நாயகன் துபாயிலிருந்து வந்து இறங்கி
முப்பது பேரை அடித்துப் போட்டுவிட்டு
அம்மா எங்கே என்று கேட்கிறான்.
அடி வாங்கின ஒருத்தனுக்கும் தெரியாது.
இதுவரைக்கும் நூற்றிருபது சொல்
கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

ஆனால் எனக்கு முன்வரிசையில் ஒரு பெண்.
இனோகா என்று கூட வந்தவள் கூப்பிட்டாள்.
திரையின் அடியில் சிங்கள எழுத்து.
அது வசனத்தைவிட ஒரு மூச்சு முந்தி வருகிறது.
பகிடிக்காரன் வாயைத் திறக்க முதலே
அவள் சிரித்து முடித்துவிட்டாள்.
பிறகுதான் தமிழ்.
பிறகுதான் நாங்கள்.

என் மொழிப் பகிடி
எனக்கு முதல் அவளிடம் போய்
அவள் தோளைக் குலுக்கி
அந்தக் குலுக்கலில் இருந்து எனக்கு வந்தது.
இடைவேளைக்குப் பிறகு நான் படம் பார்க்கவில்லை.
அவளுடைய பின்னந்தலையை வைத்துக்கொண்டே
எப்போது சிரிப்பு, எப்போது ஆர் சாகிறது எல்லாம்
சரியாகச் சொல்லக்கூடியதாய் இருந்தது.

ஒரே ஒரு இடம் பிழைத்தது.
ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிழவன்.
எழுத்து வந்தது. அவள் தலை அசையவில்லை.
வசனம் வந்தது:
“நான் வீட்டை விக்கல தம்பி, வீடுதான் என்னை வித்துடுச்சு.”
எங்கள் வரிசை முழுக்க மூக்கு உறிஞ்சுகிறது.
அவள் இருட்டில் சோளப்பொரிப் பையின் அடியைத் துழாவுகிறாள்.
மொழிபெயர்த்தவர் அதில் என்னதான் எழுதினாரோ.
எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க நேரம் வேணும்.
எழுத்துக்கூட்டி நான் வீடு வரை போக
கிழவன் செத்துப்போனான்.

மழை. காலி வீதியில் ஓட்டோ இல்லை.
நனைந்து வந்து கதவைத் திறந்தால்
அடுத்த ஃபிளாட்டில் ஜெயசோதியக்காவின் சீரியல்.
மூன்று வருடமாக நான் சுவரால் மட்டும் பார்க்கிற சீரியல்.
ஒரு முகமும் தெரியாது.
செருப்புச் சத்தத்தில் வில்லியைத் தெரியும்.
மருமகள் போன ஆடியிலிருந்து பிள்ளைத்தாச்சி.
இதற்கு யாரும் என்னிடம் நட்சத்திரம் கேட்டதில்லை,
கேட்டால் நாலு கொடுப்பேன்.

மேசையில் அடுத்த கிழமைக்கான நாவல்.
பழைய புத்தகக்கடைக்காரன் பாதி விலைக்குத் தந்தது,
வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.
எண்பத்தெட்டாம் பக்க ஓரத்தில் ஆரோ பென்சிலால்
‘பொய்’ என்று எழுதியிருக்கிறார்.
அழுத்தி எழுதியதில் மற்றப் பக்கமும் புடைத்திருக்கிறது.
தொண்ணூற்றுமூன்றில் அதே கை, மெல்லமாய்:
‘சரி, போகட்டும்.’
பதினொரு வருடமாக நான் எழுதுகிறேன்.
இப்படி ஒரு விமர்சனம் எழுதவில்லை.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்க அனுப்பினேன்.
முன்னூறு சொல் இனோகாவைப் பற்றி.
இரண்டரை நட்சத்திரம்.

நஸ்லியா எடுத்தாள்:
“ஆரு இந்த இனோகா? ஹீரோயினா?”
இல்லை என்றேன்.
“அப்ப வெட்டுறேன். மத்தது, எங்கட பக்கத்தில
அரை நட்சத்திரம் இல்ல. மூணு போடவா?”

ஞாயிறு பேப்பரில் மூன்று நட்சத்திரம்,
நாயகன் கண்ணாடி போட்ட பெரிய படம்,
கீழே துபாய், முப்பது பேர், அம்மா.
நாலாம் பந்தியில்
‘அரங்கம் சிரித்தது’ மிச்சம் இருக்கிறது.
ஆர் முதலில் என்று இல்லை.

வருகிற வெள்ளி வேறொரு படம்.
இந்தமுறை ஏசிப் பக்கம் இருக்கவேணும்.