இருநூற்று நாற்பத்தொன்று

கவ்ஹயோகிக்கு வெளியே,
உருளைக்கிழங்குக் கிடங்காக இருந்த ஷெட்டில்
ஆர்தோ டைனோ வைத்திருக்கிறார்.
மண்வாசம் இன்னும் போகவில்லை.
மேலே பெட்ரோல், கீழே கிழங்கு என்று
இரண்டு அடுக்காக மூக்கில் ஏறுகிறது.

வெளியே மைனஸ் பத்தொன்பது.
குளிர்ந்த காற்று கனமான காற்று,
எஞ்சினுக்கு விருந்து, என்றார்.
அன்று காலை அவர் பேசியது அவ்வளவுதான்.

என் சாப் தொள்ளாயிரம்
உசிகவ்புங்கியில் பிறந்தது,
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
முன்சக்கரங்களை உருளைமேல் ஏற்றி
நாலு பக்கமும் பட்டை இழுத்துக் கட்டினார்,
குளம்பு சீவ மாட்டைக் கட்டுவதுபோல.
நான் பால் லாரி ஓட்டுகிறவள்,
எனக்கு அப்படித்தான் தோன்றும்.

முந்நூறு வேண்டும், என்றேன்.
முந்நூறு குதிரை என்று
ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லியாயிற்று.
பெட்ரோல் பங்க் காபி மேசையில் சொன்னேன்.
சவுனாவில் வியர்த்துக்கொண்டே சொன்னேன்.
போன வருஷம் ஏரிப் பனிப்பந்தயத்தில்
என்னை முந்திப்போன சமுலியிடம்
அவன் கேட்காமலே சொன்னேன்.
தாள் மட்டும்தான் பாக்கி.

ஆர்தோ தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை.
மடிக்கணினியைத் திறந்தார்.
காதுமூடி மாட்டிக்கொண்டு, அதிலிருந்து போன
செம்புக் குழாயை எஞ்சினில் போல்ட் வைத்து இறுக்கினார்.
மூன்றாவது கியர்.
முழு மிதி.

தகரக் கூரை நடுங்கியது.
திரையில் கோடு ஏறியது, ஏறியது,
என் உதடுகள் தாமாகவே எண்ணத் தொடங்கின,
காலை எடுத்துவிட்டார்.
திரும்பவும் மிதித்தார்.
அதே இடத்தில் எடுத்தார்.

மூன்றாம் முறை காதுமூடியை என்னிடம் நீட்டினார்.
அந்தப் பேரிரைச்சலுக்குள்
தகர டப்பாவில் யாரோ கூழாங்கல் குலுக்குவதுபோல்
சின்னதாய்,
கவனிக்காவிட்டால் இல்லாததாய்.

"உனக்குக் கேட்கிறது.
வண்டிக்கு ஏன் கேட்கவில்லை?"

டார்ச்சோடு பானெட்டுக்குள் குனிந்தார்.
நான் காபி ஊற்றப் போனேன்.
வெகுநேரம் ஊற்றினேன்.

நாக் சென்சாரின் ஒயர் வெட்டப்பட்டிருந்தது.
முனையில் கருப்பு டேப், மூன்று சுற்று.
"யார் செய்தது?"
"முன்னால் வைத்திருந்தவர்."

அது என் டேப்.
போன பிப்ரவரியில், ஏரிமேல்,
ஒவ்வொரு வளைவு தாண்டி மிதிக்கும்போதும்
வண்டி தானாகப் பூஸ்டைக் குறைத்துக்கொண்டது.
எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது.
கட்டர் கையில் இருந்தது.
அதற்கப்புறம் அது எதையும் புகார் சொல்லவில்லை.
தேறிவிட்டது என்று நினைத்தேன்.

ஆர்தோ டேப்பைப் பிரித்தார்.
பிரித்ததை உருட்டி, குப்பையில் போடாமல்,
என் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
எங்கள் பக்கம் திட்டுவது அப்படித்தான்.

ஒயரைப் பற்றவைத்தார்.
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
இக்னிஷன் ஒரு டிகிரி பின்னுக்கு,
பெட்ரோல் ஒரு சொட்டு கூடுதல்,
ஓட்டு, ஆறவிடு, மறுபடி ஓட்டு.
உப்புப் பார்ப்பதுபோல
ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டுத் தொட்டு நகர்ந்தார்.
கூழாங்கல் எப்போது நின்றது என்று
எனக்குத் தெரியவில்லை.

பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது.
இருநூற்று நாற்பத்தொன்று.
"இன்னும் கொஞ்சம்..." என்றேன்.
"இருக்கிறது.
பிஸ்டனோடு சேர்த்துக் கையில் தருகிறேன், வேண்டுமா?"

ஐந்நூற்று இருபது யூரோ.
எண்ணி வைத்துவிட்டு
தாளை நாலாக மடித்தேன்.

வழியில், வயல்களுக்கு நடுவே ஆளில்லாத நேர்ச்சாலையில்,
மூன்றாவதில் வைத்து மிதித்தேன்.
கதவு திறப்பதுபோல் முன்னே போனது,
எங்கேயும் சிக்காமல்.
பாலத்து ஏற்றத்தில் மட்டும்
அரை மூச்சு தயங்கிற்று.
என் காலும் தயங்கிற்று.

பங்க் மேசையில் சமுலி உட்கார்ந்திருந்தான்.
பனிப்பூட்ஸை உதறிவிட்டு நான் வருவதற்குள்
"முந்நூறு வந்ததா? தாள் எங்கே?"

கோட்டுப் பைக்குள் கைவிட்டேன்.
விரலில் முதலில் அகப்பட்டது
டேப் உருண்டை.