காந்தம் ஒட்டாத இடம்

மூன்றாம் நாளில் சிசுவின் தோல் உரியும்.
கணுக்காலில் தொடங்கும், பிறகு விரலிடுக்கு, வயிறு.
தாய்மார் பயந்துபோய்த் துணியால் மூடிவைப்பார்கள்.
"ஒண்ணுமில்ல தங்கச்சி, கீழ புதுத்தோல் இருக்கு."
லிந்துலைத் தோட்டங்களில் பதினெட்டு வருஷமாக
இதைத்தான் சொல்லி வருகிறேன்.

என் சன்னியின் பொன்னட்டுக்கு
அப்படி ஒன்றும் சொல்ல முடியவில்லை.

கிளியர் போய்விட்டது.
முதலில் கூரையில் ஒரு வெள்ளைத் தேமல்.
நனைந்தால் மறையும்,
காய்ந்தால் திரும்ப வரும்.
மழை பெய்யும்வரை அது புதுக் கார்.
இந்த ஊரில் மழைக்கு என்ன பஞ்சம்?
இரண்டு வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடிந்தது.

பிறகு தை மாதம் வந்தது.
இரவெல்லாம் பனி, பகலெல்லாம் கொளுத்தும் வெயில்.
நகத்தால் ஓர் ஓரத்தைத் தூக்கினேன்.
வெங்காயச் சருகுபோல் கையோடு வந்தது.
நிறுத்தியிருக்க வேண்டும்.
தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை
உரித்துக்கொண்டே நின்றேன்.

நிஷாம் பாஸ் சுற்றிவந்து பார்த்தார்.
"முழுசா அடிச்சா ரெண்டு லட்சத்து நாப்பது, மிஸ்.
மேலால அடிச்சா எழுபது."
மேலால என்றால்?
"அடுத்த மழை வரைக்கும்" என்றார், சத்தியவான்.
போகும்போது கேட்டார்:
"வீட்டுல காந்தம் ஏதும் இருக்கா?"

இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில்
மகள் திருகோணமலையில் வாங்கிய நீல மீன்.

கீறல் விழாமலிருக்க அதற்கு ஒரு காலுறை மாட்டினேன்
(கீறல் விழ அங்கே என்ன மிச்சம்?)
டோர்ச் வெளிச்சத்தில் காரைச் சுற்றினேன்.
கதவில் வைத்தேன், டக்.
பொன்னட்டில், டக்.
இடப்பக்கப் பின்சில்லுக்கு மேலே வைத்தேன்.
மீன் வழுக்கிச் சேற்றில் விழுந்தது.
கழுவி மறுபடி வைத்தேன்.
மறுபடி விழுந்தது.

ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன்.
காய்ந்த ரொட்டிபோல் கட்டலோய் உடைந்தது.
அதற்குப் பின்னால் ஊறிப்போன சிங்களப் பேப்பர்,
பந்து பந்தாய்ச் சுருட்டித் திணித்தது.
விரித்த துண்டில் ஒரு ஸ்கோர்.
யாரோ நாற்பத்து மூன்றில் ஆட்டமிழந்திருந்தார்.

இருபத்தொரு லட்சம் கொடுத்தேன்,
பேப்பருக்கும் சேர்த்து.
லோன் முடிய இன்னும் பதினாலு மாதம்.

"மேலால அடிச்சு வித்துரு" என்றார் கிருபாகரன்
சோறு பிசைந்தபடி.
"நமக்கும் அப்பிடித்தானே வித்தாங்க."
பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.
ரசத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

சனிக்கிழமை உப்புத்தாள் வாங்கினேன்.
எண்பது, பிறகு நூற்றிருபது, பிறகு இருநூற்று நாற்பது.
சுரண்டச் சுரண்ட ஓட்டை பெரிதானது.
இவ்வளவுதான் என்று நினைத்த இடத்தில்
இன்னும் ஒரு விரல் உள்ளே போனது.
தலையெல்லாம் காவித் தூள்.
இருமினால் வாயில் ஆணிச் சுவை.
கடைசியில் ஒரு விளிம்பு மின்னியது.
அதற்கப்பால் நல்ல தகடு.

மற்றதைப் பாஸின் பையன் சப்ரான் வெல்டிங் செய்தான்,
இரண்டு துண்டு, பதினெட்டாயிரம்.
நான் பிரைமர் பூசினேன்.
ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய பஞ்சுபோல்
இரண்டு சாம்பல் பொட்டு.
கூரையையும் பொன்னட்டையும் தொடவில்லை.
அசிங்கம் ஆளைக் கொல்லாது,
ஓட்டைதான் கொல்லும்.

இருட்டும் நேரத்தில் மீனை வைத்துப் பார்த்தேன்.
டக்.

எடுக்க மறந்துவிட்டேன்.
திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகும் வழியில்
தலவாக்கலைச் சந்தியில் பொலிஸ் மறித்தது.
லைசென்ஸ், இன்சூரன்ஸ், எல்லாம் பார்த்த பிறகு
பின்பக்கம் போய் நின்றவர் கேட்டார்:
"மிஸ், இந்த மீன் என்ன?"

"அந்த எடம் இப்ப இரும்பு, சேர்."

அவருக்கு விளங்கவில்லை.
ஒரு விரலால் மீனைத் தட்டிப் பார்த்தார்,
விழவில்லை, போகச் சொன்னார்.

ரதெல்ல ஏற்றத்தில் மழை பிடித்தது.
பொன்னட் மறுபடி புதுசாக மினுங்கியது.
நான் வைப்பரைப் போட்டேன்.