முன்வாசலால்

மூன்று சனிக்கிழமைதான் நிற்பான் சற்குணன்.
கட்டுநாயக்காவிலேயே சொல்லிவிட்டான்:
"கோயில் வேண்டாம், சொந்தக்காரர் வேண்டாம்,
கலியாண அல்பம் வேண்டவே வேண்டாம், மச்சாள்.
லீவு நாளில இஞ்ச சனம் என்ன செய்யுதோ
அதைக் காட்டு."

பரிஸில் பதினெட்டு வருஷம் இருக்கிறவனுக்கு
வெள்ளவத்தையில் இருந்து நான் என்னத்தைக் காட்ட?
கந்தோரில் நாலு பேரைக் கேட்டு
ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

நூதனசாலையில் முதல் தடக்கல்.
எங்களுக்கு ஒரு விலை, வெளியாருக்கு ஒரு விலை.
கவுண்டர் பெண் அவன் சப்பாத்தைப் பார்த்தாள்,
சிங்களத்தில் என்னவோ கேட்டாள்.
பதற்றத்தில் இவன் வாயில் வந்தது
"பார்டோன், மடாம்."
அவளும் சிரித்துக்கொண்டே
கூடின விலையைக் கிழித்துக் கொடுத்தாள்.

வெண்கலத் தாராவுக்கு முன்னால் அவன் நின்ற நேரம்
எனக்குக் கால் கடுத்துவிட்டது.
"லூவ்ருக்குப் பக்கத்திலதான் எங்கட ரெஸ்ரோரன்ற்.
மேல வெயிலில லைன் நிக்கும்.
நான் நிலத்துக்குக் கீழால வந்து
பின் தெருவால ஏறிப் போய்
வெங்காயம் உரிப்பன்."
"ஒருநாளும் உள்ளுக்குப் போகேல்லையோ?"
"செவ்வாய்தான் எனக்கு லீவு.
செவ்வாய்தான் அதுக்கும் லீவு."

கிறீன் பாத் வேலியில் படங்கள் தொங்கின.
யானை, யானை, மழைக்கால ரயில், பிறகும் யானை,
கடைசியில் ஒரு ஈஃபிள் கோபுரம்,
அடியில் செவ்விளநீர் மரம்.
வரைந்த மனுஷன் மாத்தறைக்கு அப்பால் போனதில்லையாம்.
சற்குணன் மூக்கு முட்டப் போய்ப் பார்த்தான்.
"எல்லாம் சரி. குளிரைத்தான் விட்டுட்டார்."
வாங்கவில்லை. பேரம் மட்டும்
கால் மணித்தியாலம் பேசினான், ஆசைக்கு.

காலிமுகத்திடலில் இறால் வடை.
காகம் ஒன்று அவன் கையிலிருந்தே
இறாலை மட்டும் எடுத்துக்கொண்டு போனது.
வடையை வைத்துக்கொண்டு அவன் நின்ற நிலையை
இப்ப நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு.

இரண்டாம் சனி, கில்ஃபோர்ட் கிரசென்ட் அரங்கில்
சிங்கள நாடகம். எனக்கு அரைவாசி விளங்கியது.
அவனுக்கு ஒரு சொல்லும் இல்லை.
ஆனாலும் சபை சிரித்தபோதெல்லாம் சிரித்தான்,
அரை நொடி பிந்தி, பிசகாமல்.
"இது பழக்கம்" என்றான்.
"முதல் ஆறு வருஷம் இதாலதான் வேலை நிண்டது."
இரவு கொம்பனித்தெருவில் நாசிகோரெங்,
மேலே பொரித்த முட்டை, வியர்த்து வழிய.
அன்றைக்குத்தான் அவன் அதிகம் பேசாமல் சாப்பிட்டது.

மூன்றாம் சனி அவனே இடம் சொன்னான்.
கொழும்பு ஏழில், வெள்ளை மேசைத்துணி,
பெயரை வாசிக்க எனக்கு நாக்குச் சுழன்ற
பிரெஞ்சுக் கடை.
சட்டையை இரண்டு தரம் அயர்ன் பண்ணினான்.
"பதினெட்டு வருஷம் சமைச்சிருக்கிறன், மச்சாள்.
முன்வாசலால வந்து இருந்து
ஒருநாள் சாப்பிட்டுப் பாக்கோணும்."

குசினிக் கதவைப் பார்த்த கதிரையில் இருந்தான்.
கதவு ஆடும்போதெல்லாம் அவன் கண்ணும் ஆடியது.
மெனுவைத் திறக்கவில்லை. வெங்காய சூப் என்றான்.
வந்ததும் கரண்டி போடாமல் முதலில் மணந்தான்.
நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.
"அவசரப்படுத்திப்போட்டான்.
வெங்காயத்துக்கு நாப்பது நிமிஷம் குடுக்கோணும்."
என்றாலும் பாண் துண்டால் கோப்பையைத்
துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டான்.
முடிந்ததும் என் தட்டை எடுத்துத்
தன் தட்டின் மேல் அடுக்கத் தொடங்க,
நான் மேசைக்குக் கீழால் காலில் தட்டினேன்.
வெயிற்றர் பொடியன் பார்த்தும் பாராதமாதிரி நின்றான்.

கை கழுவிவிட்டு வாறன் என்று போனவன் வரவில்லை.
பில் வந்தது. கட்டினேன்.
ஓட்டோ வந்து ஹோர்ன் அடித்தது. இரண்டாம் தரமும் அடித்தது.
முன்வாசலில் நான்.
பின் ஒழுங்கையால் வருகிறான் சற்குணன்,
சட்டைக் கை முழங்கை வரை மடித்து.

"முப்பத்தைஞ்சு காணும் எண்டு சமாளிக்கிறான்.
நாப்பதுதான் எண்டு சொல்லிப்போட்டு வாறன்."