மூன்று கற்கள்

ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு.
ஓய்விலும் யாஸ்னா சுரங்கத்துக்குத்தான் வருகிறாள்,
செத்துப்போன சுரங்கத்துக்கு.
இருநூறு டன் செம்புக்கல் ஏற்றும் லாரி அவளுடையது.
தரையில் கால் பட நடப்பது அவளுக்கு ஒரு குடிப்பழக்கம்
என்பான் எலோய்.
நான் காலாமாவில் ரொட்டி சுடுகிறவன்.
என்னைக் கூட்டி வருவது ரொட்டிக்காக.

தண்டவாளம் பிடுங்கிய மேட்டில் வண்டியை விட்டோம்.
அப்புறம் பாதை கிடையாது.
மழை அறியாத மண்ணில்
என்றோ நடந்த கோவேறு கழுதையின் குளம்பு
இன்று காலை பதிந்ததுபோல் இருக்கிறது.
அதை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கிறோம்,
காயாத சிமென்ட்டைச் சுற்றிப் போகிறவர்களாக.

தலைக்கு நாலு லிட்டர்.
இரண்டு தீர்ந்தால் திரும்ப வேண்டும், எலோயின் சட்டம்.
மீறுகிறவனும் அவன்தான்.

பதினொன்றுக்கு ஊர் வந்தது.
ஊர் என்றால் சுவர்கள்.
கூரைத் தகரத்தை எவனோ எப்போதோ விற்றுத் தின்றுவிட்டான்.
கம்பெனிக் கடையின் பின்புறம்
ஒரு ஒற்றைச் செருப்பு, மத்தி மீன் டப்பா,
கூலிக்குப் பதில் கொடுத்த ரப்பர் வில்லை.
எழுத்து தேயவில்லை: ஒரு ரொட்டி.
இந்தக் கடையில் மட்டும் செல்லும்.

பையிலிருந்த மராக்கெத்தாவை எடுக்கக்
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.
யாஸ்னா வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அவள் கழுத்தில் அவளுடைய கம்பெனி அட்டை,
சாப்பாட்டுக்கு, பஸ்சுக்கு, குளியலறைக் கதவுக்கு.
ஓய்வு நாளில் அதை ஏன் மாட்டி வருகிறாள் என்று
கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.
வில்லையைக் கிடந்த இடத்திலேயே போட்டு
காலால் மண் தள்ளினாள்.

குழி இருந்தது சரிவுக்கு மேலே.
வேலி இல்லை, பலகை இல்லை.
வயிற்றால் ஊர்ந்துதான் விளிம்புக்குப் போகலாம்.
முதல் கல் எலோயுடையது. நாலு விநாடி.
இரண்டாவது என்னுடையது.
இருபது வரை எண்ணினேன். சத்தமே இல்லை.
மூன்றாவதை யாஸ்னா எறியவில்லை,
விரல்களைத் திறந்தாள், அவ்வளவுதான்.
அதுவும் சொல்லாமல் போனது.

டார்ச் வெளிச்சம் பாதிவழியில் களைத்துவிட்டது.
கீழிருந்து காற்று ஏறியது,
நனைந்த மரத்தின் வாசனையோடு.
இந்த நாட்டில் எது நனைந்தது?

அப்போது மலைக்கு அப்பால் வெடி.
"நாலு மணி," என்றாள், கடிகாரம் பாராமல்.
"எங்களுடையது."
நெஞ்செலும்புக்கடியில் தரை ஒருமுறை புரண்டது.
விளிம்பிலிருந்து பொடிமண் உதிர்ந்தது.
யாரும் மூச்சுவிடவில்லை.
பிறகு, வெகு கீழே,
எந்தச் சட்டத்தில் சிக்கிக் கிடந்ததோ,
ஒரு கல் போய்ச் சேர்ந்தது.

ஒன்றுதான்.

ஊர்ந்தே பின்வாங்கினோம்.
எலோய் தண்ணீரை அளந்தான்: தலைக்கு அரை லிட்டர்.
அது உன் கல்லா, என் கல்லா என்று
வண்டிவரை சண்டை போட்டோம்,
பயத்தைப் பற்றிப் பேசாமலிருக்க.

திங்கட்கிழமை நாலு மணிக்கு
கடையில் காலித் தட்டுகள் லேசாகக் கிணுகிணுத்தன.
எப்போதும் நடப்பதுதான்,
காதில் விழுந்ததில்லை.
மாவுக் கையோடு நின்று
எண்ணத் தொடங்கினேன்.