பதினான்காவது தட்டு

டிஷ்யூவில் சுற்றி
சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
இரண்டு இட்லி, ஒரு உழுந்து வடை,
அவ்வளவு நேரம்தான்.
கை கழுவித் திரும்பினால்
மேசை துடைத்திருந்தது.

வெள்ளவத்தை, பகல் ஒன்று இருபது.
காலி வீதியில் ஒரு நூறாம் நம்பர் பஸ்
இன்னொரு நூறாம் நம்பர் பஸ்ஸைத் துரத்துகிறது.

"என்ன மிஸ் தொலைஞ்சது?"
பல் என்றால் கட்டுப்பல் என்று நினைப்பான்.
"கண்ணாடி மாதிரி ஒண்டு" என்றேன்.
அவன் என் மூக்கின் மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தான்.

சட்டைப்பையில் புவனராஜ் என்று பெயர்ப்பட்டி.
பின்கட்டுக்குக் கூட்டிப்போனான்.
இடுப்பளவு நீல வாளி.
கோப்பைகளில் விரித்து, சாப்பிட்டபின் உரித்தெறிந்த
லஞ்ச் ஷீட்டுகள்.
எல்லாம் கண்ணாடி நிறம். எல்லாம் வழுக்கல்.
எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் சம்பல்.
வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே
இத்தனை லட்சம் கொடுத்த பொருளை
தெரிந்துவிடு, தெரிந்துவிடு என்று
தேடிக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறு சோடி.
சோடிக்குப் பத்து நாள், கால் மில்லிமீட்டர்.
இருபத்திரண்டு மணித்தியாலம் வாய்க்குள் இருக்க வேண்டும்.
மிச்ச இரண்டில்
மூன்று வேளைச் சாப்பாடு, தேத்தண்ணி,
பல் தீட்டல், யாரோடாவது கோபித்தல்.
கந்தோரில் பிறந்தநாள் கேக் நீட்டினால்
மணிக்கூட்டைப் பார்க்கிறேன்.

முதல் கிழமை "ச" வழுக்கியது.
எனக்கோ காப்புறுதிக் கம்பனித் தொலைபேசி.
"சமாவென்ன."
"சொறி."
"சற்றுப் பொறுங்கள்."
மூன்று மொழியிலும் சமாதானம் சொல்வதற்குத்தான் சம்பளம்,
மூன்றும் அந்த ஒரு எழுத்தில் தொடங்குகின்றன என்பதை
பதினோரு வருஷம் கவனித்ததில்லை.

ஸ்காபரோவிலிருந்து மச்சாள் வீடியோவில் கேட்டாள்,
"நாப்பத்துமூண்டிலை ஏனடி? ஆரும் இருக்கினமோ?"
ஆளில்லை.
தவணைதான் இருக்கு, இன்னும் எட்டு.

பாஸ்போட்டிலும் அடையாள அட்டையிலும்
வாய் மூடியிருக்கிறேன்.
அங்கே எல்லோரும் மூடித்தான் இருக்கிறார்கள்,
அதனால் அவை மட்டும்
எனக்குப் பிடித்த படங்கள்.

புவனராஜ் கையுறை போடவில்லை.
நான் வளையலைக் கழற்றி ஹேண்ட்பேக்கில் போட்டுவிட்டு
முழங்கைவரை இறங்கினேன்.
ஈக்கள் எங்களுக்கு வழிவிட்டன.
இஞ்சித்தோல், பழப்புளிச் சக்கை,
யாரோ கிழித்த லொத்தர் சீட்டு.

"இதுவா மிஸ்?"

டியூப் லைட்டை நோக்கித் தூக்கிப் பிடித்தான்.
மேல்வரிசை மட்டும்.
மஞ்சள் பிடித்து,
பாம்பு கழற்றிப்போட்ட சட்டைபோல,
உள்ளே ஆளில்லாத ஒரு சிரிப்பு.
அதைப் பார்த்து அவனும் சிரித்தான்.
இடது பக்கம் தெற்றுப்பல்,
பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்துகொண்டு.
அழகாயிருந்தது.
எனக்கும் அதே இடத்தில்தான் இருந்தது,
பதின்மூன்று தட்டுக்கு முன்னால்.

சொல்லவில்லை.
ஐந்நூறு ரூபாய் நீட்டினேன்.
கை ஈரம் என்று சொல்லி
சட்டைப்பையைக் காட்டினான்.

கீழ்வரிசை கிடைக்கவேயில்லை.

டொக்டர் ருஸ்னா போனில் சிரிக்கவில்லை.
"பழைய பதின்மூண்டை எறிஞ்சிட்டீங்களா?
இல்லையா, நல்லம். கீழுக்கு அதைப் போடுங்க.
புதுசு வர ஒரு கிழமை.
சும்மா விட்டா பல் திரும்பிப் போயிரும்."
எங்கே என்று நான் கேட்கவில்லை.

இரவு, பச்சைத் தண்ணீரில் மூன்று தரம் கழுவினேன்.
சுடுதண்ணீர் ஆகாது, நெளிந்துவிடும்.
நாலாம் தரம் மணந்து பார்த்தேன்.
பெருங்காயம்.
போட்டேன்.

மேலே பதினான்கு.
கீழே பதின்மூன்று, விரலால் அழுத்த
டக் என்று உட்கார்ந்தது.
களுத்துறைப் பக்கம் போகும் கடைசி ரயில்
ஜன்னலை உலுக்கிவிட்டுப் போக,
வாயை மூடிப் படுத்தேன்.
ஒரு கிழமைக்கு
மேல்வரிசை இன்றைக்கும்
கீழ்வரிசை போன கிழமைக்குமாக
ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடந்தன.